சக்கரத்தின் முனகல்

"தாங்களே மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பிரித்துப் பேரிங் மாற்றினீர்களாமே, மெய்தானா?" என்று சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பதுண்டு. மெய்தான். ஆயினும் அதனைத் திறமை என்று எண்ணிவிட வேண்டா. வேறு வழியின்றிச் செய்த வேலை அது. அதிலும் நல்ல யோசனை ஒன்று என் தாயாருடையது. மற்றவை பீகாரில் தர்பங்காப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தொலைபேசியில் பேசிய மிஸ்திரியுடையவை. கெடுத்த பங்கு மட்டுமே முழுக்க முழுக்க என்னுடையது.

நான் டில்லிக்கு வந்தது 1987-இல். 2008-இல் வாங்கிய மாருதி 800 வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் அதன் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. மெதுவாகச் சென்றால் கேட்காது. வேகம் கூடக் கூட வண்டு குடைவதுபோல் ஒலிக்கும். வலப்புறம் வளையும்போது பாரம் இடப்பக்கத்துக்குச் சாய்கிறதல்லவா, அப்போது அது உரக்கக் கேட்கும். தெருமுனை மிஸ்திரி வண்டியை ஜாக்கியில் ஏற்றி, இடப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, அதன் சுருள்வில்லின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். "தொட்டுப் பாருங்கள், சார்ஜி" என்றார். வில்லில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடிற்று. காதைவிட விரலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு சக்கரத்துக்கு இரண்டாக, இரு பின்சக்கரங்களுக்கும் நான்கு பேரிங்குகள் வாங்கி வைக்கும்படி சொல்லிவிட்டு, ஹோலிக்கு ஊர் சென்று வருவதாகப் புறப்பட்டார். காஷ்மீரி கேட் கடைத்தெருவில் நான்கையும் வாங்கி வைத்தேன். மார்ச் 25 அன்று நாடே அடைக்கப்பட்டது. மிஸ்திரி அங்கே, பேரிங்குகள் இங்கே.

என் தாயாருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. சிறுநீரகம் பழுதுற்று, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்தாக வேண்டிய நிலை. மருத்துவமனை பதினொரு கிலோமீட்டர் தொலைவில். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் காவலர் வழிவிட்டனர். ஆனால் ஆட்டோவும் இல்லை, டாக்சியும் இல்லை. ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது முனகல் உறுமலாக மாறியிருந்தது. வீடு சேர்ந்ததும் சக்கரத்தின் தலையையும் அடியையும் பற்றி அசைத்தேன். 'கடக், கடக்' என்று ஆடிற்று. இனி அந்தச் சக்கரத்தை நம்பித் தாயாரை ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. செவ்வாய்க்கு முன் எஞ்சியிருந்தவை மூன்றே பகல்கள்.

மிஸ்திரியை அழைத்தேன். "உங்களால் முடியும், சார்ஜி. அவசரப்படாதீர்கள், அவ்வளவுதான்" என்றார்.

முதற் பாடம், பின்சக்கர வேலைக்குக் கைப்பிரேக் உதவாது என்பது. அது பற்றுவது அதே சக்கரத்தைத்தான். ஆகவே முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். இறுக்கமான நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும்; ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டியை இழுத்து ஆட்டுவது உயிருக்கு உலை. சக்கர நட்டுகளையும், நடுமூடியைத் தட்டி எடுத்து ஸ்பிளிட் பின்னை உருவி அச்சு நட்டையும் தளர்த்திய பின்னரே ஜாக்கி ஏற்றினேன். கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியின் அடியில் தள்ளி வைத்தேன். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அவற்றின்மேல் விழும், என்மேல் விழாது.

பிரேக் டிரம் எளிதில் வரவில்லை. அதற்கும் தர்பங்காவிலிருந்து வழி வந்தது: சக்கரத்தை இரண்டு நட்டில் தொளதொளவென்று மாட்டி, அதையே கைப்பிடியாகக் கொண்டு இரு கையாலும் இழுப்பது. மூன்றாவது இழுப்பில் டிரம் கையோடு வந்தது, நான் மல்லாந்தேன். உள்ளிருந்த கரும்பொடியை ஊதக்கூடாது, மூச்சுக்குக் கேடு, ஈரத்துணியால் துடைத்தேன். பழைய பேரிங்குகள் டிரம்மின் நடுவே, இடையில் ஒரு குழலோடு அமர்ந்திருந்தன. குழலைச் சற்றே ஒதுக்கி, பழைய இரும்புக் கம்பி ஒன்றால் சுற்றிச் சுற்றித் தட்டி அவற்றை வெளியே எடுத்தேன். இதுவரை எல்லாம் நலமே.

புதியதைப் பொருத்தும்போதுதான் அறிவு மழுங்கிற்று. பேரிங் என்பது இரண்டு வளையங்களும் அவற்றின் நடுவே உருளும் குண்டுகளுமே. டிரம்மில் இறுகி உட்கார வேண்டியது வெளிவளையம். என்னிடமிருந்த பாக்ஸ் ஸ்பானரோ உள்வளையத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்திற்று. பொருந்துகிறதே என்ற மகிழ்ச்சியில் அதை வைத்து ஓங்கி அடித்தேன். இறங்கிவிட்டது! விரலை நுழைத்துச் சுழற்றினேன். வழவழவென்று சுழன்று, ஓர் இடத்தில் மட்டும் மணல் துகள் அகப்பட்டாற்போல் இலேசாகத் தடுக்கிற்று.

மிஸ்திரியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடித்தது உள்வளையத்திலா, வெளிவளையத்திலா?"

நான் சிறிது நேரம் பேசவில்லை. உள்வளையத்தில் விழுந்த அடி முழுவதும் குண்டுகளின் வழியாகத்தான் வெளிவளையத்துக்குச் சென்றிருக்கும். குண்டு ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்கள்தாம் நாளைய முனகல். 'இலேசான தடுக்கல்தானே? அப்படியே மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று ஓர் எண்ணம் எழாமல் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது, முதுகும் வலித்தது. ஆனால் பின்னிருக்கையில் இடப்பக்கம்தான் தாயார் உட்காருவது வழக்கம். "உள்வளையத்தில்தான்" என்றேன். "அப்படியானால் அதை எடுத்துவிடுங்கள். நான்கு வாங்கினீர்கள் அல்லவா?" என்றார், கடிந்துகொள்ளாமல்.

மறுநாள் ஞாயிறு, ஏப்ரல் 5. இரவு ஒன்பது மணிக்கு மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்ன அதே நாள். காலையில் பழுதானதைத் தட்டி எடுத்து, அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க அஞ்சி உட்கார்ந்திருந்தேன். வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அம்மா, "என்னடா பிரச்சினை?" என்று கேட்டார். இறுக்கம் பற்றிச் சொன்னேன்.

"ஏண்டா, டம்ளருக்குள்ளே டம்ளர் மாட்டிக்கிட்டா சுத்தியலாலேயா அடிப்பே? உள்ளே குளுந்த தண்ணி, வெளியே வெந்நி. அதுபாட்டுக்கு வந்துடாது?"

எவர்சில்வர் டம்ளரைப் பிரிக்கும் வழி, பேரிங்கைச் சேர்க்கவும் உதவாதா? இரண்டு பேரிங்குகளையும் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் அறையில் வைத்தேன். என் மனைவி முகம் சுளித்தபடியே பழைய வெந்நீர்த் தவலையைத் தந்தாள். சோப்பு நீரால் கழுவிய டிரம்மை அதில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். ஐம்பது மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொண்டால், எழுபது டிகிரி சூடேறினாலும் அது விரிவது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர்தான். ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. குளிர்ந்த பேரிங் இன்னும் சிறிது சுருங்கும். அவ்வளவு இடமே போதுமாயிற்று. துணியால் பிடித்து எடுத்து, ஈரம் துடைத்து, பேரிங்கை நேராக வைத்ததும் முக்கால் பங்கு தானாகவே இறங்கிற்று. பழைய பேரிங்கை அதன் தலைமேல் கவிழ்த்து, வெளிவளையத்தில் மட்டும் சுற்றி நான்கு தட்டு. 'தொக், தொக்' என்ற ஒலி 'டிங்' என்று மாறியதும் நிறுத்தினேன். அடியில் அமர்ந்துவிட்டதன் அடையாளம் அது. பின்பு இடைக்குழல், அப்பால் இரண்டாவது பேரிங். குழலை மறந்து நட்டை முறுக்கினால் புதிய பேரிங்குகள் அன்றே பாழ் என்று மிஸ்திரி இரண்டு முறை எச்சரித்திருந்தார்.

நட்டை எவ்வளவு இறுக்குவது? அதற்கென்று அளவுகாட்டும் ஸ்பானர் உண்டு, என்னிடம் இல்லை. ஊருக்கு விமானத்தில் செல்லும்போது மூட்டை பதினைந்து கிலோவுக்கு மேற்படாமல் நிறுத்துப் பார்க்கும் கைத்தராசு இருந்தது. கையேடு 10 கிலோகிராம்-மீட்டர் என்று சொன்னால், அரைமீட்டர் நீளக் குழாயின் நுனியை 20 கிலோ காட்டும்வரை செங்குத்தாக இழுத்தால் கணக்குச் சரி. சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கிய பின், கையேடு சொன்ன அளவுக்கு அவ்வாறே இழுத்து, பழைய ஸ்பிளிட் பின்னைத் தொடாமல் புதியதைச் செருகி வளைத்தேன். அன்றிரவு தெருவெங்கும் அகல் விளக்கு. நான் கையில் கிரீசோடு உறங்கிப்போனேன்.

திங்கட்கிழமை தனியாக நான்கு கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன்; சூடு இல்லை. அசைத்தேன், ஆட்டமும் இல்லை. செவ்வாயன்று அம்மா ஏறினார். வெறிச்சோடிய மேம்பாலத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், "என்னடா, வண்டி நின்னுபோச்சா?" என்றார்.

மிஸ்திரி திரும்பி வந்தது செப்டம்பரில். வலச் சக்கரத்தையும் மாற்றிவிடலாம் என்று, மீதமிருந்த பேரிங்கைக் கேட்டார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "இன்னொன்று?" என்றார். கெட்டுப்போன அதையும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தேன். காதோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார், சிரித்தார். "இது ஊரில் என் பையனுக்கு. மரப்பலகையில் மாட்டி வண்டி ஓட்டுவான், இதுபோல் இன்னும் இரண்டு வேண்டும்" என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இடச் சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டையும் துடைத்துக் கொடுத்தேன்.