மணற்காட்டில் சித்திரம் தீட்டிய நாள்

பாலைவனம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவன அரபு நாட்டு ஒட்டகமும் ஈச்சமரமுமே. நமது குடாநாட்டிலேயே, பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுரத்தைக் கடந்து சென்றால் காணக்கூடிய வெண்மணற் குன்றுகளை நினைப்பவர் சிலரே. அவ்வூருக்கு மணற்காடு என்று பெயரிட்டவன் யாராயினும் கவியுள்ளம் படைத்தவனாகவே இருந்திருப்பான். ஆண்டுதோறும் மாரி தவறாது பொழியும் இந்நிலத்தைப் பாலைவனம் என்று கூறப் புவியியலார் ஒப்பமாட்டார்கள். ஆயினும் சோளகம் வீசும் காலத்து நண்பகலிலே அங்கு நின்று பார்த்தவர், நானிலம் வகுத்த நம் முன்னோர் பாலைக்கு மட்டும் தனி நிலம் வகுக்காது விட்டதன் நுட்பத்தை உணர்வர். யாழ் வாசித்த பாணன் பரிசிலாகப் பெற்றதும் மணற்றிடர்தான் என்பது ஐதீகம். கலைஞனுக்கு மணலைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பழையது போலும்!

சென்ற ஆவணி விடுமுறையில், சித்திரம் பயிலும் மாணவர் பதினால்வரை அங்கே அழைத்துச் சென்றோம். தாள், தூரிகை, வர்ணப்பெட்டி ஆகியவற்றோடு ஆளுக்கொரு பனையோலைத் தொப்பியும் போத்தல் நிறையத் தண்ணீரும் எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. குன்றின்மேல் ஏறிய மாணவனொருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சேர், இங்கே கீறுவதற்கு ஒன்றுமே இல்லையே!” என்றான். அவன் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. கோயிற் கோபுரத்தையும் பூவரசமரத்தையும் கீறிப் பழகிய கைக்கு, வெறும் மணல் பெரிய சோதனை.

“ஒன்றுமில்லாததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிரு” என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு இளஞ்சிவப்பாயிருந்த மணல், பத்து மணிக்குக் கண் கூசும் வெண்மையாயிற்று. நிழல் விழுந்த பக்கமோ வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு ஊதா நிறம் காட்டியது. நிழலுக்குக் கறுப்பு வர்ணத்தைக் குழைத்து வைத்திருந்தவர்கள் அதைக் கழுவிவிட்டார்கள். காற்று வரும் பக்கம் குன்று மெல்லச் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். அச்செங்குத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நில்லாது உதிர்ந்துவிடும். சகாராவின் மணலுக்கும் இதுவே விதி.

சகாரா என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் போல் கிளே, ஓகஸ்ட் மாக்கே, லூயி மொய்லியே என்னும் ஓவியர் மூவர் வட ஆபிரிக்காவின் துனீசியாவுக்குச் சேர்ந்து பிரயாணம் செய்தனர். அங்கே தங்கியது இரண்டு வாரமளவுதான். கிளேயின் கையில் வர்ணம் புத்துயிர் பெற்றது அப்பிரயாணத்திலேயே. மாக்கேயோ, அதே ஆண்டு செப்டெம்பரில், உலகப்போரில் 27 வயதிலேயே மாண்டார். போர் என்பது என்னவென்று நம் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆகவே இதைச் சொன்னபோது எவரும் பேசவில்லை.

வெயில் ஏறியதும் சவுக்குத் தோப்பில் இளைப்பாறினோம். சிலர் மணல் மூடிக் கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலைத் தீட்டச் சென்றனர். கூரையற்ற அக்கற்சுவர்கள் எவருக்கும் எளிதில் அழகாக வந்துவிடும். அதனாலேயே எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. இராவணன்மீசைப் புல்லையும் அடம்பன் கொடியையும் கீறியவர்களே என் மதிப்பில் உயர்ந்தவர்கள். ஓடும் மணலைப் பிடித்து நிறுத்துவன அவையல்லவா?

அப்பொழுது அவ்வழியே குடத்துடன் வந்த ஆச்சியொருவர் எங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “வடிவாய்த்தான் கீறியிருக்கிறியள் பிள்ளையள். ஆனால் மேலே உள்ளதைத்தானே கீறினியள்? எங்கட தண்ணி கீழேயெல்லோ கிடக்கு” என்றார்.

மாரியிற் பெய்யும் மழையை இக்குன்றுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. உவர்நீரிலும் பாரங்குறைந்த நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நூலோர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே குறைவது எவ்வளவு என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கடலுக்கு இத்தனை அருகே கையால் தோண்டிய பூவலிலும் குடிக்கத்தக்க நீர் ஊறுவது இதனாலேதான். ஆற்றுவளமற்ற நம் குடாநாட்டுக்கு இம்மணல் ஒரு நீர்ச்சாடி. அச்சாடியைத்தான் களவாக லொறியில் அள்ளிச் செல்கின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்கு உறவினரைப் பறிகொடுத்த ஊர் இது. கடல் உள்ளே வருவதென்றால் என்னவென்று இவ்வூரார் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. இனி அது கிணற்றின் வழியாக, ஓசையின்றி வரக்கூடும்.

மாலையில் எல்லாப் படங்களையும் மணலில் பரப்பி வைத்துப் பார்த்தோம். பதின்மூன்று படங்களில் மணல் மாசற்றிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி மாத்திரம், குன்றின் அடிவாரத்தில் ஆழப் பதிந்திருந்த இரண்டு சக்கரத் தடங்களையும், அவை முடியும் இடத்தில் வெட்டுண்டு நின்ற மணற்சுவரையும் தீட்டியிருந்தாள். காட்சியை அது கெடுக்கின்றதா, அழித்துவிடவா என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்றேன்.