தேயிலைப் பெட்டிப் பலகை

உழைப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு என்று பிரித்துப் பேசுவது நமக்கு எளிதாகிவிட்டது. ஆனால், ஒரே கருவி ஒருவர் கையில் தொழிலாகவும் இன்னொருவர் கையில் விளையாட்டாகவும் அமையும்போது அப்பிரிவினைக்கு என்ன நேர்கின்றது என்பது அத்துணை எளிய வினாவன்று. வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இவ்வினாவோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். இப்போது அவர் தொண்ணூறு வயதை அண்மிக்கிறார்.

அவருடைய வீட்டு விறாந்தையிலுள்ள மேசையின் விளிம்பில், வெளியே நீட்டியவாறு ஒரு சிறு பலகை இறுக்கப்பட்டிருக்கின்றது. அதன் முனையில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. வருவோர் பலரும் அதனை உடைந்த மேசையெனக் கருதுவர். பிரெற்வாள் பிடிப்போருக்கு அதுவே பட்டறை. அறுக்க வேண்டிய பலகையை அவ்வெட்டின்மேல் வைத்து இடக்கையால் திருப்பிக்கொண்டே, வலக்கையால் வாளை நிமிர்த்தி மேலுங் கீழுமாக இயக்க வேண்டும்.

மரத்தில் வளைவுகளை அறுப்பதற்கென்றே அமைந்தது பிரெற்வாள். வில்போல் வளைந்த உலோகச் சட்டம், அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள மயிரிழை போன்ற அலகு. இவ்வளவே அதன் உறுப்புகள். அலகின் பற்கள் கீழ்நோக்கி நிற்றல் வேண்டும். வாள் இறங்கும்போதுதான் மரம் அறுபடும். அலகு தளர்ந்திருந்தால் கோடு தவறும். விரலாற் சுண்டினால் தந்தி போல் ஒலிக்குமளவுக்கு அது இறுகியிருத்தல் வேண்டும். பலகையின் நடுவே ஓர் இலையையோ பூவையோ குடைந்தெடுப்பதாயின், முதலில் ஒரு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளையினூடே செலுத்தி, மீண்டும் பூட்டி அறுக்க வேண்டும். உள்வெட்டுகள் அனைத்தும் முடிந்த பின்னரே புறவெட்டுக்குச் செல்லலாம். புறத்தை முதலில் அறுத்தால் பிடிப்பதற்குப் பலகை இராது. மெலிந்த பகுதிகள் முறிந்துவிடும்.

இவ்வித்தை ஐரோப்பாவில் அரண்மனைத் தளபாடங்களோடு வளர்ந்தது. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயிக்குத் தளபாடம் செய்த ஆந்திரே சார்ல் பூல் (1642–1732) ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மெல்லிய வாளால் ஒருங்கே அறுத்து, ஒன்றின் வெட்டினுள் மற்றதைப் பதித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வாள் நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்குள் நுழைந்தது. 1895இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஹொபீஸ்’ என்னும் வார இதழ், அறுப்பதற்கான சித்திரத் தாள்களை இதழோடு இணைத்து வழங்கியது. நோர்போக் மாவட்டத்தின் டெரெஹாம் என்ற சிற்றூரிலிருந்து அதே பெயர்கொண்ட நிறுவனம் வாள்களையும் அலகுகளையும் மரத்தையும் அஞ்சலில் அனுப்பியது. பட்டறையிற் பிறந்த வேலை இவ்வாறு மாலைநேரப் பொழுதுபோக்காயிற்று.

தபாலதிபர் இவ்வாளை முதன்முதலிற் கண்டது 1949இல், பாடசாலைக் கைப்பணி வகுப்பிலாகும். ஆசிரியர் வைத்திருந்த பழைய ‘ஹொபீஸ்’ தாளொன்றைப் பார்த்துச் சிறுவன் ஓர் அன்னத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். தாய் அதனைச் சுவாமி படத்தடியில் வைத்தாள். ஆயினும், வாள் ஒன்று வாங்கித் தருமாறு அவன் கேட்டபோது, “ஓடாவி வேலைக்கோ உன்னைப் படிப்பிக்கிறம்?” என்று சினந்தாள். அன்னம் வேண்டும், அதனை ஆக்கும் கை வேண்டாம். யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்களின் மனப்பாங்கு முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது எனலாம்.

1957இல் தபாற்றிணைக்களத்திற் சேர்ந்து மலையகத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரே அவருக்கென ஒரு வாள் வாய்த்தது. மரத்துக்கு அங்கே பஞ்சமிருக்கவில்லை. அக்காலத்தில் இலங்கைத் தேயிலை மெல்லிய ஒட்டுப்பலகையாலான பெட்டிகளில் அடைத்தே ஏற்றுமதியாயிற்று. இடமாற்றம் பெறும் உத்தியோகத்தர் குடும்பங்கள் பீங்கான் கோப்பைகளையும் புத்தகங்களையும் அத்தகைய பெட்டிகளிலேயே கட்டிச் செல்வது வழக்கம். புதிய ஊரிற் பெட்டி அவிழ்ந்ததும் தபாலதிபருக்குப் பலகை கிடைத்துவிடும். முகம் பார்க்குங் கண்ணாடிக்குச் சட்டம், கடிதம் செருகும் தட்டு, மயில், யாழ், பிள்ளைகளின் பெயர்கள் என்று அறுத்துக்கொண்டே போனார். அறுக்கும்போது எழுந்த தூளில் தேயிலை மணம் இருந்ததாம்.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது அலகுகள் கடைகளிலிருந்து மறைந்தன. அப்போது யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த அவர் கன்னாதிட்டிக்குச் சென்றார். பொற்கொல்லர் தகட்டில் வேலைப்பாடு அறுக்கும் வாளும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அலகு இன்னும் நுண்ணியது. மரத்தில் மெதுவாகவே செல்லும். தம்மிடமிருந்த சொற்பத்திலிருந்து பொற்கொல்லர் ஒருவர் அரைத் தொகுதி அலகுகளை எண்ணிக் கொடுத்தார். பணம் கொடுத்து வாங்கிவந்த தபாலதிபருக்கு, அவை அம்மனிதரின் ஒரு மாதத் தொழிலின் பகுதி என்ற எண்ணம் அன்று தோன்றவில்லை.

ஒட்டுப்பலகையும் அருகிப்போனதால், தேக்கம் பலகையொன்றில் மயில் அறுக்க முற்பட்டார். மூன்று முறையும் மயிலின் கழுத்து முறிந்தது. வேலி பார்க்க வந்த அயலூர் ஓடாவியார் முறிந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார். அவர் கதிரையில் அமர்வதில்லை. விறாந்தைப் படியிலேயே இருப்பார். இருக்கச் சொல்லி எவரும் கேட்டதுமில்லை.

“ஐயா, இது பெட்டிப் பலகையில்லை, மரம். மரம் எந்தப் பக்கம் வளர்ந்ததெண்டு பாத்துத்தான் கீற வேணும்” என்றார்.

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன் இழைக்கு மற்றதன் இழை குறுக்காக நிற்குமாறு அடுக்கி ஒட்டியது. ஆதலால் எத்திசையில் அறுத்தாலும் அது தாங்கும். தனிமரம் அவ்வாறன்று. மெலிந்த கழுத்து இழைக்குக் குறுக்கே அமைந்தால், இழைகள் நீளமாகத் தொடராது துண்டுபட்டு, சிறு அழுத்தத்துக்கும் ஒடிந்துவிடும். மயிலைச் சற்றே சாய்த்து, கழுத்து இழையோடு ஓடுமாறு ஓடாவியார் நகத்தாற் கோடிட்டுக் காட்டினார். நான்காவது மயில் முறியவில்லை. இருபது ஆண்டுகளாகத் தாம் மரவேலை செய்துவந்ததாக எண்ணியிருந்தவர், மரத்தை அன்றுதான் சந்தித்ததாகப் பின்னாளிற் கூறுவார்.

அதன்பின் அவருடைய வேலை பெரிதாயிற்று. விறாந்தைக் கூரையோரத்தில் தொங்கவிடும் பூவேலைப் பலகைகளை முதலிற் தம் வீட்டுக்கும், பின்னர் அடுத்த வீட்டுக்கும் அறுத்தார். கூலி வாங்கவில்லை. மரம் மட்டும் கொடுத்தாற் போதும். தேநீரோடும் புகழுரையோடும் வேலை நிறைவெய்தும். கூலியின்றிக் கிடைக்கும் அழகை வேண்டாமென்பார் எவர்? 1973இல் அவ்வொழுங்கையில் மூன்றாவது வீட்டாரும் கேட்டு வந்தனர். அவ்வீட்டு வேலை ஓடாவியாருக்கு ஏற்கனவே பேசப்பட்டிருந்தது என்பதை அவர்கள் கூறவில்லை, இவரும் விசாரிக்கவில்லை.

சில நாட்களின் பின் ஓடாவியார் வந்தார். வழக்கம்போலப் படியில் இருந்தார். பலகைகளைத் தடவிப் பார்த்து, வேலை நன்றென்றார். எழும்போது ஒன்றைச் சொன்னார்:

“நீங்கள் விளையாட்டாச் செய்யிறியள் ஐயா. நாங்கள் இதிலதான் உலை வைக்கிறனாங்கள்.”

குற்றஞ்சாட்டும் தொனி அதில் இருக்கவில்லை. கடிதத்தின் விலாசம் பிழையென்று அறிவிப்பதுபோற் சொல்லிவிட்டுப் போனார். தபாலதிபரோ அன்றிரவு உறங்கவில்லை.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. தொழில்கள் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த சமூகத்தில், ஒரே வளைவை ஓடாவி அறுத்தால் அது குலத்தொழில். தபாலதிபர் அறுத்தால் அது கலைத்திறன். முன்னவரின் கூலி பேரம்பேசிக் குறைக்கப்பட்டது. பின்னவரின் பெயரோ ஊரெங்கும் சொல்லப்பட்டது. மாதம் முடியச் சம்பளம் வருமென்ற உறுதியே பின்னவருடைய விளையாட்டுக்கு அடித்தளமாக இருந்தது. பொழுதுபோக்கு என்பது தன்னளவிற் குற்றமற்றது; மனிதனுக்கு இன்றியமையாததுங்கூட. பசியின் நெருக்கடியோ வாங்குபவரின் விருப்பமோ இன்றி, ஒரு வளைவை அதன் அழகுக்காகவே அறுக்கும் மகிழ்ச்சியை ஓடாவியாரும் விரும்பியிருப்பார். அவருக்கு அதற்கான மாலைப்பொழுது எவராலும் வழங்கப்படவில்லை என்பதே உண்மை.

மறுவாரம் தபாலதிபர் ஓடாவியாரின் வீட்டுக்குச் சென்றார். என்ன பேசினார்கள் என்பது இருவருக்குமே தெரியும். மூன்றாம் வீட்டு வேலையை ஓடாவியாரே முடித்தார். அதற்கான சித்திரத்தைக் கடதாசியில் வரைந்து கொடுத்தவர் தபாலதிபர். அதன்பின் அவர் பிறர் வீட்டுக்குப் பூவேலைப் பலகை அறுத்ததில்லை. கேட்டு வந்தோரை ஓடாவியாரிடம் அனுப்பினார். விறாந்தையில் ஒரு கதிரை ஓடாவியாருக்கென இழுத்துப் போடப்பட்டது. முதல் நாள் அதில் அமர அவர் மறுத்தார். இரண்டாம் நாளும் மறுத்தார். தபாலதிபரின் தமையனார் அக்கதிரையின் பொருட்டுச் சில மாதங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் மீண்டும் வந்தபோது ஓடாவியார் கதிரையில் இருந்தார்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதாகிப் போத்தல் விளக்குகள் வழக்குக்கு வந்தன. கைவாளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை, வெளிச்சம் வேண்டும். எனவே அறுப்பு வேலை மாலையிலிருந்து பகலுக்கு மாறியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒருசேரத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட இரவில், தபாலதிபர் சைக்கிளில் அரிசியையும் பத்திரங்களையும் கட்டினார். வாள் அலுமாரியிலேயே கிடந்தது. 1996இல் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. யன்னல்களும் கூரை மரங்களும் போயிருந்தன. கூரையோரப் பூவேலைப் பலகைகள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் எஞ்சவில்லை. தபாலதிபர் அறுத்தது, ஓடாவியார் அறுத்தது என்ற வேறுபாடு அவ்வழிவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓடாவியார் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். வீட்டுக்கு மீண்டும் கதவு போட்டவர் அவருடைய மகன். முழுக் கூலியும் பேரமின்றிக் கொடுக்கப்பட்டது.

2012இல் தபாலதிபரின் மகன் ரொறன்ரோவிலிருந்து மின்னால் இயங்கும் வாளொன்றை அனுப்பினான். கையில் வாளை அசைக்கத் தேவையில்லை. அலகு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை தானே ஏறி இறங்கும். இரு கைகளும் பலகையைத் திருப்புவதற்கு விடுபடும். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, இங்கோ 230. ஆதலால் மின்மாற்றியொன்று வாங்க வேண்டியதாயிற்று. தபாலதிபர் ஒருநாள் அதனை இயக்கிப் பார்த்தார். நடுங்கத் தொடங்கியிருந்த கைகளுக்கு அது உதவியாகவே இருந்தது. ஆயினும், மாலை முழுவதும் செய்யும் வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட, மீதி நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஓடாவியாரின் பேரன் பெயர்ப்பலகைகளும் கோயில் வேலைகளும் செய்து வந்தான். இயந்திரத்தை எடுத்துச் செல்லுமாறு தபாலதிபர் அவனிடம் கூறினார். அவன் இயந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “சும்மா வேண்டாம், தாத்தா. மாதம் மாதம் தாறன்” என்றான். வற்புறுத்துவதற்கு வாயெடுத்த முதியவர் நிறுத்திக்கொண்டார். விளையாட்டாகக் கொடுப்பது எவ்வாறு முடியும் என்பதை அவர் அறிவார். விலை பேசப்பட்டது, பேரன் கேட்டதிலும் அதிகமாகக் குறைக்க அவர் முயலவில்லை.

இரண்டரை ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் பணம் வந்தது. தபாலதிபர் ஒவ்வொரு முறையும் கொப்பியிற் திகதியிட்டு எழுதி, ஒரு சிறு பற்றுச்சீட்டும் கொடுத்தார். கடைசிப் பற்றுச்சீட்டில் ‘முழுவதும் பெறப்பட்டது’ என்று தபாற்கந்தோர்க் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதனைப் பேரன் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

விறாந்தை மேசையில் ஆப்பு வெட்டுடைய பலகை இன்னும் இறுகியே இருக்கின்றது. 1996க்குப் பின் பொருத்தப்பட்டது அது. கைவாள் அதன்மேல் ஏறி நாளாயிற்று. பிற்பகலில், ஒழுங்கையின் மறுமுனையிலிருந்து இயந்திரத்தின் ஒலி எழும்போது, தபாலதிபர் செவியைச் சாய்த்துக் கேட்கிறார். ஒலி மாறினால் அலகு மழுங்கிவிட்டதென்று உடனே சொல்லுவார்.