கவலைப்படாதே... சரி, ஆனால் எப்படி?

"கவலைப்படாதே" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று யாராவது சொல்லித் தருகிறார்களா?

திருச்சி கே.கே. நகரில் ஒரு கல்லூரி மாணவன். அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. செமஸ்டர் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. விமான நிலையம் பக்கத்தில்தான். இரவில் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அப்பா வேலை போய்த் திரும்பி வருகிறாரோ என்று அவனுக்கு நெஞ்சு படபடக்கும். புத்தகம் திறந்தபடியே கிடக்கும். தூக்கமும் வராது.

அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா தினமும் இரவில் முழங்கால் போட்டு ஜெபிப்பார். ஒருநாள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஜெபம் பண்ணினா பணம் வந்துடுமாம்மா?"

"வந்துடும்னு நான் சொன்னேனா? மனசு அடங்குதுடா. நாளைக்கு யார்கிட்ட போய்க் கேக்கணும்னு தெளிவா தெரியுது. இல்லன்னா நானும் உன்னை மாதிரி ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டுதான் இருப்பேன்" என்றார் அம்மா. பிறகு சுவார்ட்ஸ் ஐயர் கதையைச் சொன்னார்.

திருச்சிக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. தெப்பக்குளம் அருகே இருக்கும் கிறிஸ்து நாதர் ஆலயம் 1766-ல் அவர் முயற்சியால் எழுந்தது. ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை.

1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் போர்க்காலத்தில், தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டு வர மாடுகள் இல்லை. முன்பு கொடுத்ததற்குக் காசு கிடைக்காததால் விவசாயிகள் அரசரின் வாக்கை நம்பவில்லை. சுவார்ட்ஸ், "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. அவர் ஜெபிக்கிறவர்தான். ஆனால் ஜெபித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

பவுல், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், எதற்கும் கவலைப்படாமல் தேவைகளை நன்றியோடு தேவனிடம் சொல்லச் சொல்கிறார். அதை அவர் எழுதியது காவலில் இருந்தபோது! அதே நிருபத்தில், பிலிப்பி சபையார் தமக்கு அனுப்பிய உதவியையும் நன்றியோடு குறிப்பிடுகிறார். தேவனிடம் கேட்பவர், மனிதர் செய்யும் உதவியையும் வாங்கிக்கொள்கிறார். அதில் என்ன வெட்கம்?

அன்று இரவு அவனும் முழங்கால் போட்டான். "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாகக் கேட்கவில்லை. பயத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னான். கட்டணம், அப்பாவின் வேலை, தேர்வு... சொல்லி முடித்தபோது மூன்றே மூன்றுதான் இருந்தன. இருட்டில் அவை முப்பதாகத் தெரிந்திருந்தன! அவற்றில் அப்பாவின் வேலை அவன் கையில் இல்லை. அதைத் தேவனிடம் விட்டான். மற்ற இரண்டுக்கும் நாளை செய்ய வேண்டியது இருந்தது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான். இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கிடைத்தது. முதல் தவணைக்கு அம்மா வளையலை அடகு வைத்தார். அப்பாவின் சம்பளம் அந்த மாதமும் வரவில்லை. ஆனால் பையன் தூங்கினான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், நண்பர்களே. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டும் ஜெபிக்கிறோமே!

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னார். நாளைய பாரத்தை இன்றே தூக்க வேண்டாம் என்றுதானே அதற்குப் பொருள்? இன்றைய வேலை இன்றைக்கு. மீதி, முழங்காலில்.