பந்திக்கு வந்த மோட்டார்

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டோரத்தில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் கூட்டமாக வந்து விருந்துண்டு போகின்றன. அதற்கு அவை எந்தச் சர்க்காரின் உத்தரவையும் எதிர்பார்ப்பதில்லை. இப்போது உத்தரவுடனேயே ஒருவர் பந்திக்கு வந்திருக்கிறார். அவர்தாம் மோட்டார். நல்ல வேளையாக அவர் கேழ்வரகைத் தொடுவதில்லை. கரும்பும் மக்காச்சோளமும் அரிசியுமே அவருடைய ஆகாரம். அவற்றைப் புளிக்க வைத்து வடிப்பதே எத்தனால்.

2003-இல் சில மாநிலங்களில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2025-இல் அது 20 பங்கை எட்டியது. அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணம் நம் குடியானவர் கைக்கு வருவதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர், எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எனவே 20 பங்கு கலந்தால், மொத்தத்தில் நூற்றுக்கு 6, 7 பங்கு சக்தி குறைகிறது. அதற்காக விலையைக் குறைத்தார்களா? இல்லை. சானமாவைக் கடந்து ஓசூர் ஆலைகளுக்குப் போகும் தொழிலாளியும் நம்மைப் போன்ற பழைய வண்டிக்காரர்களுமே அந்தக் குறையைச் சுமக்கிறோம்.

சுதேசிப் பொருளுக்காகச் செலவிட நாம் தயங்கியதில்லை. சக்திக்கு ஏற்ற விலையும், பழைய வண்டிக்குக் குறைந்த கலவையும் கேட்பது தேசத் துரோகம் ஆகாது.