மெஷினுக்குத் தோள் கிடையாது

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் பிள்ளைகளை டென்னிஸில் சேர்க்க வரும் பெற்றோர் இப்போது முதலில் கேட்பது, "பால் மெஷின் இருக்கா?" என்பதைத்தான். எதிரே நின்று ஆடிக்கொடுக்கும் மார்க்கர் உண்டா என்று கேட்பவர் அரிது. பந்து எறியும் மெஷின் கார் டிக்கியில் அடங்கும், சார்ஜ் ஏற்றினால் காலை முழுக்க ஓடும், லீவு கேட்காது. மார்க்கர்களின் பிழைப்பு போகிறதே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

பேஸ்லைனிலிருந்து பேஸ்லைனுக்கு 23.77 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிளம்பும் பந்து ஒரு விநாடி சுமாரில் வந்துவிடும். அதற்குள் திரும்பி, ஓடி, அடிக்க முடிகிறதென்றால் பந்து கிளம்பும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எதிராளியின் தோள் எவ்வளவு திரும்பியது, முன்கால் எங்கே ஊன்றியது, ராக்கெட் முகம் திறந்திருக்கிறதா என்று பார்த்தபடியே, அவர் பந்தைத் தொடும் கணத்தில் ஸ்ப்ளிட் ஸ்டெப் என்னும் சிறு குதிப்பு விழ வேண்டும். கற்றுக்கொடுக்க இதைவிடப் பிடிவாதமான பாடம் டென்னிஸில் இல்லை. மெஷினில் இருப்பவை இரண்டு ரப்பர் சக்கரங்கள். மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டாப்ஸ்பின், கீழ்ச் சக்கரம் வேகமாகச் சுற்றினால் ஸ்லைஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே பிள்ளை இடைவெளியை மனசுக்குள் எண்ணிக் குதிக்கப் பழகுகிறது. ஆள் எதிரே நின்றதும் அந்தத் தாளம் தப்பிவிடுகிறது. ரேண்டம் மோடு போட்டால் போயிற்று என்பார்கள். திசை மாறும், சரி. முன்குறிப்பு எங்கிருந்து வரும்? பந்து வெளியே வந்த பிறகு ஓடும் பழக்கமே ஊறிப்போகும்.

ரெனே லாகோஸ்தே 1920களிலேயே பந்து எறியும் இயந்திரம் செய்தவர்தானே என்பார்கள். செய்தார்தான். உலகத்தின் முதல்வரிசை ஆட்டக்காரர்களை எதிரே நின்று படித்துத் தேர்ந்தவர் செய்துகொண்ட கருவி அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஆசிரியராக முடியுமா? நம் ஊர் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸில் வேகம் கிடையாது. அப்படிப்பட்டவர் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த விலாண்டரை வென்றார். எதிராளியை முன்கூட்டியே படிக்கும் கண்ணில்லாமல் அந்த ஆட்டம் இல்லை.

மெஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பேக்ஹேண்டில் முழங்கை மடங்குகிறதென்றால், ஒரே உயரத்தில் ஐம்பது பந்து அதைவிட நேர்த்தியாக யாரும் போட முடியாது. கோச்சும் பந்து போடுவதை விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். ஆனால் இங்கே நடப்பது வேறு. மெஷினை ஓடவிட்டு கோச் போன் பார்க்கிறார். தொட்டியில் முடி உதிர்ந்த பழம்பந்தும் புதுப்பந்தும் கலந்து கிடக்கின்றன; ஒன்று சர்வீஸ் கோட்டில் விழுகிறது, அடுத்தது பேஸ்லைனைத் தாண்டுகிறது. ஐப்பசி ஈரத்தில் ஊறிய பந்து சக்கரத்தில் வழுக்குகிறது. ஃபீஸ் கட்டும் பெற்றோரே, மெஷின் இருக்கிறதா என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் என் பிள்ளைக்கு எதிரே ஒரு ஆள் நிற்பார்?