மேகமலைக்கு அழைத்துச் செல்வோம், மகள்களையும்!

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களில் வாழும் நம் பிள்ளைகள் நாள்தோறும் மொட்டை மாடியில் நின்று மேகமலையைப் பார்க்கின்றனர். பார்ப்பதோடு சரி, ஏறிச் சென்றவர் சிலரே. பள்ளிச் சுற்றுலா என்றாலே தொலைதூரக் கேளிக்கைப் பூங்காக்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. படைப்பினங்களைக் கண்டு சிந்திக்கப் பயணம் செல்லுமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது. அப்பயணத்தை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினால் என்ன?

சின்னமனூரிலிருந்து புறப்பட்டு, அடிவாரமாகிய தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் மலைப்பாதை தொடங்குகிறது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு மலர்களின் பெயர்கள். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும், ஹைவேவிஸ், மணலாறு நீர்த்தேக்கங்களும் நம்மை வரவேற்கின்றன. இத்தொடரின் வருசநாட்டுப் பகுதியில்தான் வைகை பிறக்கிறது.

கம்பத்தை அடுத்த சுருளி அருவிப் பகுதியில் குகைகளும் உண்டு. அவற்றைக் காணும் பிள்ளை, "இது எரிமலையா?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி! தக்காணத்தின் கரும்பாறைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவானவை. அந்தமானின் பாரன் தீவில் இன்றும் உயிருள்ள எரிமலை இருக்கிறது. மேகமலையோ அவ்வகையன்று. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய, தக்காணப் பாறைகளைவிட மிகப் பழைமையான பாறைகள் இங்குள்ளவை. நீரும் காலமும் அவற்றின் விரிசல்களை அகலப்படுத்துகின்றன. வகுப்பறையில் பல நாள் விளக்கியும் புரியாதது, பாறையைத் தொட்டுப் பார்க்கும்போது நொடியில் புரியும்.

இம்மலையின் குகைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்ட அதிகாரி இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரண வகை என்று கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது பல்லாண்டுகள் கிடந்தது. 1972-ல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா, அது உலகம் அறியாத புதிய இனம் எனக் கண்டு, பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் சமுதாயத்தில் பிறந்த அறிஞரின் பெயரைத் தாங்கிய அரிய உயிர், நம் ஊர் மலையில் வாழ்கிறது! இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

சாலிம் அலி பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாகச் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவை என்று வினவினார். மாமன் அமீருத்தீன் தயாப்ஜி அவரை அதட்டி அடக்கவில்லை; விடை தெரிந்தவர்களிடம் அனுப்பி வைத்தார். ஒரு பெரியவரின் அனுமதி ஓர் அறிஞரை உருவாக்கியது.

பெற்றோர்களே, சிந்தியுங்கள்! சுற்றுலாப் பட்டியலில் மகனின் பெயரை உடனே எழுதும் நாம், "அத்தா, நானும் போகட்டுமா?" என்று மகள் கேட்டால் மட்டும் ஏன் மௌனமாகிறோம்? அவளும் அதே பாடத்தைத்தானே படிக்கிறாள்?

அச்சம் நியாயமானதே. 2018 மார்ச்சில் போடியை அடுத்த குரங்கணியில் காட்டுத் தீ பல உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. ஆனால், அச்சத்திற்கு மருந்து ஏற்பாடே தவிர, தடையன்று. மழை ஓய்ந்து, கோடைத் தீ தொடங்காத ஜனவரி மாதம் ஏற்றது. 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். எனவே வனத்துறையின் முன் அனுமதி தேவை. ஆசிரியைகளும் தாய்மார் சிலரும் உடன் செல்லட்டும். அருவியில் வெள்ளம் இருந்தால் இறங்க வேண்டாம். வௌவால்கள் வாழும் குகைக்குள் நுழைந்து அவற்றைக் கலைக்கவும் வேண்டாம். லுஹரை மலையில் ஜமாஅத்தாகத் தொழுது, இருட்டும் முன் இறங்கிவிடலாம். நெகிழிக் குப்பை ஒன்றுகூட அங்கே மிஞ்சக் கூடாது.

பள்ளி நிர்வாகிகள் இதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முன்வைக்கட்டும். நம் மக்கள் அனைவரையும் சிந்திக்கும் மக்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.