கீழே நின்று பார்த்தவர்களின் விமானங்கள்

புளியங்குளம் சந்தியில் இருந்து நெடுங்கேணி வீதியால் கொஞ்சத் தூரம் போனால் தகரக் கூரை போட்ட ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. கிழமை நாட்களில் அங்கே கதவு நிலையும் கட்டிலும் செய்வார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அதே மேசையைத் துடைத்துவிட்டுப் போர்விமான மொடல் செய்வார்கள். செய்து முடித்தவற்றை வைக்க அலுமாரி ஒன்றும் இல்லை. எல்லாம் முகட்டு வளையில் இருந்து தங்கூசியில் தொங்குகின்றன. கதவு, யன்னல் செய்யத் தெரிந்தவர் ஓர் அலுமாரி செய்திருக்கலாமே என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

"அலுமாரியில வைச்சா முதுகுதான் தெரியும் தம்பி. கிபிரின்ர முதுகை இஞ்ச ஆர் கண்டது?" என்றார்.

ஐம்பது கடந்தவர். 1997 மே 13 அன்று ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, ஏ9 வீதியைப் பிடிக்கும் சண்டை மாதக்கணக்காகப் புளியங்குளத்தைச் சுற்றி நடந்தபோது இந்தக் காணியை விட்டுப் போனவர். அவரோடு சேர்ந்து இருப்பவர்கள் மூன்று பேர்: வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ற் அடிக்கிற ஒருவர், ஒரு கணித ஆசிரியர், உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை இறுதிப் போர்க் காலத்தில் கைக்குழந்தை. அவளுக்கு விமானத்தின் நினைவு எதுவும் கிடையாது. மற்ற மூவருக்கும் நினைவைத் தவிர வேறு ஆதாரம் குறைவு.

உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் புத்தகத்தையும் படத்தையும் வைத்துக்கொண்டு மொடல் செய்கிறார்கள். வன்னியில் எங்கள் தலைமுறை விமானத்தைப் படித்தது காதால். 1985இல் இத்தாலியில் இருந்து வந்த சியாமாசெட்டி, 1991இல் சீனாவில் இருந்து வந்த எஃப்-7, 1993இல் ஆர்ஜென்ரீனாவில் இருந்து வந்த புக்காரா, 1996இல் இஸ்ரேலில் இருந்து வந்த கிபிர், 2000இல் வந்த மிக்-27 என்று பட்டியல் நீளும். எஃப்-7 என்ற பெயரை ஊரில் ஒருவரும் சொன்னதில்லை; அது சுப்பர்சொனிக். பீப்பாய்க் குண்டு போட்ட சரக்கு விமானம் சகடை. ஆளில்லா வேவு விமானம் வண்டு. எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடவேண்டும், எதற்குச் சோற்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

ஆசிரியர் ஒரு கணக்கைச் சொன்னார். இவர்கள் செய்கிற மொடல்களின் அளவு 72இல் ஒன்று. 1936இல் இங்கிலாந்தில் ஃப்ரொக் நிறுவனம் பிளாஸ்ரிக் மொடல்களை விற்கத் தொடங்கியபோதே இந்த அளவு இருந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் 5,00,000 மர விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. அவையும் 72இல் ஒன்று, கறுப்பு வர்ணம். 35 அடி தூரத்தில் அந்த மொடலைப் பிடித்தால், அரை மைலுக்கு அப்பால் பறக்கிற உண்மையான விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவுக்குத் தெரியும். வருவது எங்கள் விமானமா, எதிரியுடையதா என்று சிப்பாய்கள் கண்ணால் பழகிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. அதாவது இந்த அளவை இவ்வளவு பரவலாக்கியதில், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களின் தேவைக்கும் பங்கு உண்டு. இதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற பொருளாக நான் நினைத்திருந்த ஒன்றின் வேரில் எங்களைப் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

நான் போன நேரம் மேசையில் ஒரு கிபிர் பாதியில் கிடந்தது. ஹசெகாவா நிறுவனத்தின் பழைய பெட்டி. கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் உடுப்புக்கு இடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. வர்ணங்களை அப்படிக் கொண்டுவர முடியாது; தீப்பற்றும் என்பதால் பயணிகள் விமானத்தில் விடமாட்டார்கள். ஆகவே இங்கே பூசுவதெல்லாம் வாகன வர்ணம். அதில் ஒரு சிக்கல் உண்டு. வாகன வர்ணத்தைக் கரைக்கிற தின்னர் மொடலின் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கையும் கரைத்துவிடும். தாராளமாக அடித்தால் இறக்கையின் மெல்லிய கோடுகள் எல்லாம் உருகி மொழுமொழுவென்று போய்விடும். பெயின்ரர் அண்ணை அதற்கு வழி கண்டிருக்கிறார். முதலில் பிரைமரை, தொட்டால் உலர்ந்திருக்கும் அளவுக்கு, புகை போலத் தூவி விடுவார். காயவிட்டு மறுபடி தூவல். மூன்றாம் தரத்துக்குப் பிறகுதான் நிறம். சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் வெக்கையால் வர்ணம் ஸ்பிரே துவக்கின் வாயில் இருந்து இறக்கைக்குப் போய்ச் சேருமுன்னே காய்ந்து தூளாகிவிடும். அப்போது விடியற்காலையில்தான் வேலை. காற்று அமுக்குவதற்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியில் இருந்து கழற்றிய கொம்பிரசர். சத்தமே கேட்காது. சத்தமில்லாத இயந்திரம் இந்தப் பட்டறைக்கு வேண்டும் என்று அவர் சொன்னதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வர்ணத்தில்தான் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. போர்விமானங்களின் அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் வெளிறிய நிறம் பூசுவார்கள். கீழே இருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு விமானம் வானத்தோடு கலந்து மறைய வேண்டும் என்பதே நோக்கம். பெயின்ரர் அண்ணை வெள்ளையில் கொஞ்சம் கறுப்பும் ஒரு துளி நீலமும் கலந்து அந்தச் சாம்பலைக் கொண்டுவந்தபோது, பட்டறைக்காரர் ஏற்கவில்லை.

"கறுப்படா அது. நான் கண்டனான். கறுப்பு முக்கோணம்."

"அண்ணை, படத்தில பாருங்கோ, வெளிறின சாம்பல்."

"படம் எடுத்தவன் கட்டுநாயக்காவில நிண்டு எடுத்தவன். நான் பாலை மரத்துக்குக் கீழ நிண்டனான்."

இருவர் சொன்னதும் சரி. வெயில் மேலே இருந்து விழுகிறபோது விமானத்தின் வயிறு நிழலில் இருக்கும். பின்னால் வானம் கண்கூசும் வெளிச்சம். எந்த நிறம் பூசினாலும் கீழே இருப்பவருக்கு அது இருட்டாகத்தான் தெரியும். கடைசியில் சாம்பலையே பூசி, காய்ந்த பிறகு முற்றத்துப் பாலை மரத்தில் ஏறி, ஏறத்தாழ ஏழு மீற்றர் உயரக் கொப்பில் தங்கூசியால் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏழை 72ஆல் பெருக்கினால் 500 மீற்றர் சொச்சம். கிபிரின் நீளம் 15.65 மீற்றர், மொடலில் அது 22 சென்ரிமீற்றருக்கும் குறைவு. நான் நின்ற பின்னேரம் அதைத்தான் மறுபடி செய்து காட்டினார்கள். கையில் இருந்தபோது புறா இறகு நிறமாக இருந்தது, மேலே போய்க் காற்றில் ஒருமுறை திரும்பியதும் கறுத்தது. நறுக்கென்ற முக்கோணம், முன்னால் இரண்டு சின்னச் செட்டை. என் முழங்கால் தானாகவே மடிந்தது. பக்கத்தில் நின்ற பட்டறைக்காரரின் கை அடுத்திருந்தவரின் தோளைப் பிடித்து அமுக்கியது. அந்தப் பிள்ளை மட்டும் நிமிர்ந்து நின்று, அது எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் வந்த ஒட்டுப்படங்கள் இஸ்ரேலிய விமானப்படையினுடையவை. இலங்கைச் சின்னத்தை அச்சடித்து ஒட்டலாம். அவளுக்கு அது தெரியும். ஒட்டவில்லை. மூன்று பெரியவர்களையும் தனித்தனியே கேட்டாளாம், சின்னத்தைக் கண்டீர்களா என்று. ஒருவரும் கண்டதில்லை. ஆகவே இந்தக் கிபிருக்குச் சின்னம் கிடையாது. இதைவிட நேர்மையான ஒரு மொடலை நான் கண்டதில்லை.

குண்டுகளைப் பற்றியும் பேசினார்கள். மொடல் பெட்டிகளில் குண்டுகள் தனித் துண்டுகளாக வரும். பூட்டுவதும் விடுவதும் செய்பவர் விருப்பம். பெயின்ரர் அண்ணை வேண்டாம் என்றார். அவருடைய சொந்தக்காரர்களில் இருவர் 1999 செப்ரெம்பர் 15 மந்துவில் குண்டுவீச்சில் போனவர்கள். ஆசிரியர் பூட்டத்தான் வேண்டும் என்றார். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் கொல்லப்பட்ட பாடசாலைப் பிள்ளைகளை நினைத்தால், வெறும் இறக்கையோடு ஓர் அழகான விமானத்தைத் தொங்கவிடுவது பொய் என்பது அவருடைய பக்கம். அன்றைக்கு முடிவில்லாமல் எழுந்து போயிருக்கிறார்கள். பிறகொரு ஞாயிறு பெயின்ரர் அண்ணையே அந்தத் துண்டுகளை எடுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, பச்சை அடித்து, தானே பூட்டினார். எனக்கு ஆசிரியரின் நியாயமே சரியாகப் படுகிறது. ஆனால் பூட்டும் உரிமை அந்த மற்றவரின் கைக்குத்தான் இருந்தது.

வளையில் தொங்குபவற்றில் ஒன்று மட்டும் வேறு காலத்தது: போஃபைற்றர், இரட்டை இயந்திரம், இறக்கையின் முழு நீளம் 24 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. அதை மேசைக்குக் கொண்டுவந்தவர் ஆசிரியர். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதன் பிறகு தீவெங்கும் பிரித்தானியர் ஓடுதளங்களைப் பலப்படுத்தினார்கள். வவுனியாவில் இருந்த ஓடுதளத்தில் இருந்து 22ஆம், 217ஆம் படையணிகள் போஃபோர்ட் விமானங்களைப் பறக்கவிட்டன; 1944இல் அவற்றுக்குப் போஃபைற்றர் வந்தது. புளியங்குளத்துக்குத் தெற்கே ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இடம். வன்னி வானத்தில் போர்விமானம் பறந்தது எங்கள் காலத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கும் மாணவர்களுக்குக் காட்ட அவருக்கு அது வேண்டியிருந்தது.

அந்த விமானத்தின் வட்டச் சின்னத்தில் ஒரு விசேஷம். பிரித்தானிய விமானங்களின் வட்டத்துக்கு நடுவில் வழமையாகச் சிவப்புப் பொட்டு இருக்கும். ஆசியப் போர்முனையில் அதை எடுத்துவிட்டார்கள். சிவப்பைக் கண்டால் ஜப்பானிய விமானம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயம். நடுவில் வெளிர் நீலம், சுற்றிக் கடும் நீலம். பெட்டியில் இருந்த ஐரோப்பிய ஒட்டுப்படத்தை விட்டுவிட்டு, மெல்லிய ரேப்பை வட்டமாக வெட்டி ஒட்டி, இரண்டு நீலத்தையும் அந்தப் பிள்ளை கையால் பூசியிருக்கிறாள். விளிம்பு எங்கேயும் பிசகவில்லை.

இவர்களின் கைவேலையில் என்னை அதிகம் கட்டிப்போட்டது வானொலிக் கம்பி. உண்மை விமானத்தில் தூணில் இருந்து வாலுக்குப் போகும் கம்பியை இந்த அளவில் செய்வதென்றால் தலைமயிரைவிட மெல்லியதாக வரவேண்டும். துண்டுகள் பூட்டி வருகிற பிளாஸ்ரிக் சட்டத்தில் இருந்து ஒரு விரல் நீளம் வெட்டி, சுவாலைக்கு மேலே பிடித்து உருட்டுவார்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கியதும் சுவாலையை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் இழுக்கவேண்டும். கெதியாக இழுத்தால் அறும், பிந்தினால் இறுகிவிடும். பட்டறைக்காரர் இதற்கு மெழுகுதிரியையோ லைற்றரையோ பாவிப்பதில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிப் பிள்ளைகள் படித்த அதே விளக்கு. அந்தச் சுவாலையின் சூடு அவருடைய விரலுக்குப் பழக்கம். ஒரே இழுவையில் முழக் கம்பி வந்தது. அதைப் போஃபைற்றரில் ஒட்டி, அணைத்த ஊதுபத்தியின் கங்கை அருகில் கொண்டுபோனார். தளர்ந்து கிடந்த கம்பி தானே இழுபட்டு விறைத்தது.

சின்ன வயதில் இவர் முள்முருக்கு மரத்தில் விமானம் செதுக்கியவர். அந்தக் கத்தி இன்னும் இருக்கிறது. பிளாஸ்ரிக் பெட்டி கிடைக்காத புக்காராவை அந்தக் கத்தியால்தான் மரத்தில் செய்துகொண்டிருக்கிறார். அதற்காக நால்வரும் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே வைத்திருக்கும் புக்காராவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று படம் எடுக்க, இவர் குனிந்து இறக்கைக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்தாராம். 1995 யூலை 9 நவாலித் தேவாலயக் குண்டுவீச்சோடு அந்த விமானத்தின் பெயர் எங்கள் ஆட்களின் நினைவில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அதன் கீழ் நின்றது அன்றுதான்.

இப்போது அவர்கள் தொடங்கியிருப்பது விமானம் இல்லாத ஒரு வேலை. ஒரு பலகையில் முற்றம், கிணறு, தறப்பாள் கொட்டில், எல் வடிவப் பங்கர். எல்லாம் 72இல் ஒன்று. பனங்குற்றிகளுக்கு ஈர்க்கு, மண்மூட்டைகளுக்கு மாக்களி. ஒரு வளர்ந்த ஆளின் உயரம் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. பங்கர் வாசல் எவ்வளவு அகலம், படி எத்தனை என்று அந்தப் பிள்ளை கேட்கக் கேட்க, மூன்று பேரும் தங்கள் தங்கள் பங்கரைச் சொல்கிறார்கள். அவள் கொப்பியில் அளவு எழுதுகிறாள். மொடல் வேலையில் மிகப் பெரிய பயன் இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். விமானத்தின் அளவுகள் உலகத்தில் எத்தனையோ புத்தகங்களில் இருக்கின்றன. பங்கரின் அளவுகள் வெட்டினவர்களின் நினைவில்தான் இருக்கின்றன, அவர்களுக்கும் வயதாகிறது.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று. உங்கள் பிள்ளைகள் தொடாமல் விட்ட மொடல் பெட்டி வீட்டில் கிடந்தால், ஊருக்கு வரும்போது எடுத்து வந்து உங்கள் கிராமத்துப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கொடுங்கள். வர்ணம் தேவையில்லை, நல்ல அரமும் மெல்லிய தூரிகையும் 800, 1000 இலக்க அரத்தாளும் போதும். வன்னியில் இருப்பவர்களிடம் இன்னொன்று. வீட்டில் பெரியவர் இருந்தால், எந்த விமானம் எந்தத் திசையால் வந்தது, எப்படிச் சத்தம் போட்டது, பங்கர் எத்தனை அடி ஆழம் என்று இந்தக் கிழமையே கேட்டு, திகதி போட்டு எழுதி வையுங்கள்.